ஆண்டு நிறைவும் அளவறிந்த அறமும்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அறநெறி நின்று இல்லறம் நடத்தும் சிராவக சிராவகியர்முன், குழந்தையின் முதலாண்டு நிறைவு விழாவைப் பற்றிச் சில சொற்களை வைக்கின்றோம்.

பிறந்த நாள் விருந்துக்கும் அறவுரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். துறவியர் யாவற்றையும் விடுத்து நோன்பு நோற்கின்றனர். இல்லறத்தாராகிய நாமோ பொருளைக் கையில் வைத்துக்கொண்டே நோன்பு நோற்க வேண்டியவர்கள். எனவே நம் நோன்பு காக்கப்படுவதும் கெடுவதும் அடுக்களையிலும் பணப்பெட்டியிலும்தான். ஒரு குடும்பம் தன் விழாவை எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கண்டே அக்குடும்பத்தின் அறத்தை அளந்துவிடலாம்.

குழந்தை பிறந்து ஓராண்டு நிறைவெய்தும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள். தவழ்ந்தது எழுந்து நிற்கின்றது. மழலை ஒரு சொல்லாய் உருப்பெறுகின்றது. தாயும் பல இரவுகளின் களைப்பிலிருந்து சற்றே மீள்கின்றாள். ஆயினும் அந்நாள் நெருங்க நெருங்க இளம் பெற்றோர் பலரின் முகத்தில் இன்று மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்து காணப்படுகின்றது. மண்டபத்திற்கு முன்பணம், மேடை அலங்காரம், ஒளிப்படம், வண்ணப் பதாகை, அடுக்கு கேக், வந்தவர்க்கெல்லாம் திருப்பிக் கொடுக்கும் பரிசுப் பை என்று கணக்கு நீள்கின்றது. வருவாய் அதற்கு எட்டாதபோது தாயின் வளையல் அடகுக் கடைக்குச் செல்கின்றது. குழந்தைக்கு முதலாண்டு நிறையும் நாளில் குடும்பத்திற்கு முதற் கடன் பிறக்கின்றது. குழந்தை இரண்டாம் ஆண்டை முடிக்கும்போதும் அக்கடனின் வட்டி முடிவதில்லை.

இது செல்வர் இல்லத்துச் செய்தியன்று. சிற்றப்பன், பெரியப்பன், அத்தை, மாமன் எனக் கிளை பல பரந்த, வருவாயால் எளிய நம் குடும்பங்களின் செய்தி. சுற்றம் பெரிது, கையிருப்பு சிறிது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

ஆதிபுராணம் காட்டும் விழா

முதலாண்டு நிறைவைக் கொண்டாடுவது பிறரிடமிருந்து நாம் கற்ற புதுவழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினசேனாசாரியர் தம் ஆதிபுராணத்தில், பரத சக்கரவர்த்தியின் வாய்மொழியாக, இல்லறத்தார்க்குரிய கர்ப்பான்வயக் கிரியைகள் 53-ஐ முறைப்படுத்திக் கூறுகின்றார். ஏழாவது பெயரிடுதல், பத்தாவது முதற்சோறு ஊட்டுதல், பதினோராவது கிரியை ‘வியுஷ்டி’ என்பது. குழந்தைக்கு ஓராண்டு நிறையும்போது செய்யப்படும் இதற்கு ‘வர்ஷவர்த்தனம்’ என்ற பெயரும் உண்டு. ஆண்டு வளர்தல் என்பது அதன் பொருள். ஆண்டு நிறைவு என்று நாம் இன்று வழங்கும் சொல்லும் அதனின் வேறன்று.

அந்நாளில் செய்யத்தக்கனவாக ஆசாரியர் சுட்டுவன நான்கே. ஒன்று, தானம். இரண்டு, ஜின பூசை. மூன்று, அன்புடைய சுற்றத்தாரை அழைத்தல். நான்கு, அவர்களோடு கூடி உண்ணல். இந்நான்கும் நிறைந்தால் விழா நிறைந்தது. இவற்றில் ஒன்றேனும் கடன் வாங்கிச் செய்யவேண்டியது அன்று என்பதைக் கவனிக்க. தானத்திற்கு அளவு கொடுப்பவனின் ஆற்றல். பூசைக்கு அளவு தூய்மை. அழைப்புக்கு அளவு அன்பு. உணவுக்கு அளவு பசி. மண்டபமும் மேடையும் பரிசுப் பையும் இந்நான்கினுள் எங்கும் இல்லை. அவற்றைச் செய்வது பாவம் என்று நாம் கூறவில்லை. செய்யாவிடில் விழாவிற்குக் குறை உண்டு என்று அஞ்சவேண்டுவதில்லை என்றே கூறுகின்றோம்.

அளவு என்னும் நோன்பு

சிராவகர்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது, மிகுபொருள் விரும்பாமை. சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதற்கு இச்சாபரிமாணம் என்ற பெயரும் தருகின்றார். பொருளுக்கு வரம்பு கட்டுவது எளிது. விருப்பத்திற்கு வரம்பு கட்டுவதே அரிது. அந்நூலின் கருத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் பயிலப்படுவது. இல்லறத்தான் தனக்கு வேண்டிய அளவைத் தானே முன்னதாக வரைந்துகொண்டு, அதற்கு மேல் ஆசை செல்லாதபடி நிற்றலே இந்நோன்பு. செலவு செய்து முடித்தபின் வருந்துவது நோன்பாகாது. செய்வதற்கு முன்னரே வரைவதே நோன்பு.

இதனை ஒட்டி மற்றொரு விரதமும் உண்டு. போகம், உபபோகம் எனப் பொருள்களை இரண்டாகப் பகுத்து அவற்றிற்கு அளவு செய்வது. உணவு, மலர் போல ஒருமுறை பயன்பட்டு ஒழிவன போகம். உடை, கலம் போல மீண்டும் மீண்டும் பயன்படுவன உபபோகம். விழாச் செலவுக் குறிப்பை இவ்விரு தலைப்பின்கீழ் எழுதிப் பாருங்கள். பதாகை, ஊதற்பை, மேடை மலர், அன்று மட்டுமே அணியத்தக்க விலையுயர்ந்த சட்டை ஆகிய யாவும் போகத்தின்கீழ் வந்து விழும், மாலைக்குள் குப்பையாகும். போகத்துள் உணவு ஒன்றே பகிர்ந்தளித்த மாத்திரத்தில் தானமாக மாறும் தகுதியுடையது. எனவே ஒழிந்துபோவனவற்றுள் உணவுக்கு முதலிடம் தந்து, ஏனையவற்றைச் சுருக்குக. இதுவே நம் நூல்கள் கற்பிக்கும் சிக்கனம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பொதுவாகக் கூறுவது நெஞ்சில் தங்காது. ஆகவே ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த நம் குடும்பம் ஒன்று, ஆசிரியப் பணியின் பொருட்டுத் தெற்கே புன்னக்காயலில் குடியிருக்கின்றது என்று கொள்க. பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்து, 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கும் இவ்வூர், பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம். கடல் தொழிலால் வாழும் கத்தோலிக்கப் பெருமக்களே அங்கு மிகுதி. நம் ஜினாலயம் அங்கு இல்லை. நம் சுற்றம் அருகில் இல்லை. குழந்தைக்கு ஆண்டு நிறைகின்றது. மாத வருவாய் 30,000 ரூபாய். இக்குடும்பம் என்ன செய்யும்?

முதலில் வரம்பு. ஒரு மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்காகிய 10,000 ரூபாயைத் தாண்டுவதில்லை எனக் கணவனும் மனைவியும் ஜினபிம்பத்தின் முன் அமர்ந்து உறுதி செய்துகொள்கின்றனர். அதில் உணவுக்கு 5,000, தானத்திற்கு 1,500, பூசைப் பொருள்களுக்கு 1,000, குழந்தையின் உடைக்கு 1,000, வாடகைப் பாத்திரம், பந்தல், எரிவாயு முதலியவற்றிற்கு 1,500. தானத்தை மற்றச் செலவெல்லாம் போக எஞ்சியதில் செய்வோம் என்று விட்டால் எஞ்சுவது ஒன்றுமிராது. ஆகவே அதனை முதலிலேயே எடுத்துத் தனியே முடிந்து வைக்க.

அடுத்து, எங்கே நடத்துவது? வடக்கேயிருந்து 30 பேர் இரயிலேறி வருவதாயின், ஒருவர்க்குப் போக வர 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 21,000 ரூபாய் ஆகின்றது. விருந்து அளிப்பவரின் செலவைப் போல் இருமடங்கை விருந்தினர் சுமக்கின்றனர். பெரிய குடும்பத்தில் செலவு என்பது நம் கைப் பணம் மட்டுமன்று; நம் அழைப்பால் பிறர் கையிலிருந்து செல்வதும் நம் செலவே. அழைப்பை மறுக்கவும் இயலாமல், பயணத்திற்கும் வழியில்லாமல், தங்கையின் மகனுக்கு வெள்ளிக் கொலுசேனும் கொண்டுசெல்ல வேண்டுமே என்று அயலாரிடம் கை நீட்டும் அண்ணன்மார் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களை எண்ணாத சிக்கனம் சிக்கனமாகாது.

எனவே இரு வழிகள் உள்ளன. பூசையையும் தானத்தையும் அயலார் விருந்தையும் ஆண்டு நிறையும் நாளிலேயே புன்னக்காயலில் முடித்துக்கொண்டு, சுற்றத்தாரோடு கூடி உண்ணலைக் கோடை விடுமுறையில் சொந்த ஊரில் வைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டில் சிற்றப்பன் மகள் வீட்டிலும் பெரியப்பன் மகன் வீட்டிலும் குழந்தைகள் பிறந்திருப்பின், மூன்று குழந்தைகளையும் ஒரே பந்தலில் அமர்த்தி விருந்தை மூவரும் பகிர்ந்து நடத்தலாம். ஒரு முறை பயணம், ஒரு முறை சமையல், மூன்று குழந்தைகளுக்கும் வாழ்த்து.

அன்றிச் சுற்றத்தார் தாமே தெற்கே வர விரும்புவாராயின், அப்பயணத்திற்கு ஒரு புனிதப் பயனும் உண்டு. இரயில் வழியில் கோவில்பட்டியில் இறங்கினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கழுகுமலை. பாண்டியர் காலத்தில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில், அப்பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டன. பார்சுவநாதரும் பாகுபலியும் அங்கு உள்ளனர். தருமதேவி என்று நம் மக்கள் போற்றும் அம்பிகை இயக்கி, சிங்கத்தோடும் தம் மக்களோடும் அங்கு நிற்கின்றார். வீட்டில் சமைத்திருந்த உணவை, வாயிலில் வந்து நின்ற முனிவர்க்கு ஈந்த தாய் அவர். ஆண்டு நிறைந்த குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய் சென்று வணங்குவதற்கு அதனினும் பொருத்தமான திருமுன் ஒன்று உண்டோ?

அத்திருவுருவங்களின்கீழ் வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் உள்ளன. யார் செய்வித்தது, யார் பொருட்டு என்று அவை சுருங்கக் கூறுகின்றன. மன்னர் ஒருவர் முழுப் பாறையையும் செதுக்குவித்துத் தம் பெயரைப் பொறித்துக்கொண்டதன்று அது. சிற்றூர்களைச் சேர்ந்த எளியோர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற ஓர் உருவத்தைச் செய்வித்தனர். சிறிது சிறிதாகச் சேர்ந்தே அப்பாறை நிறைந்தது. பெருங்குடும்பத்தின் விழாவும் அவ்வாறே நிறைதல் வேண்டும். ஒருவரே யாவும் செய்து மற்றவரை வெறும் பார்வையாளராக்குவது குடும்ப விழாவின் இலக்கணம் அன்று. அத்தை பாயசத்திற்குப் பால் தருவாள். மாமன் வாழையிலை கொணர்வான். கையில் காசில்லாத பெரியம்மா காய் நறுக்கித் தருவாள். அவள் தந்ததும் குறைந்ததன்று.

பகற்பொழுதின் விருந்து

நம் நோன்புகளுள் இரவுண்ணாமை, குழந்தையின் விழாவிற்கு எவ்வளவு துணை செய்கின்றது என்று பாருங்கள். புன்னக்காயல் பகுதியில் ஆண்டு முழுவதும் மாலை ஆறே முக்கால் மணிக்குள் ஞாயிறு மறைந்துவிடும். மாலை விருந்து எனில் பரிமாறி முடிப்பதற்குள் இருள் சூழும். விளக்கொளியை நாடி வரும் பூச்சிகள் உணவில் விழும். காலை 11 மணிக்குத் தொடங்கிப் பகல் 1 மணிக்குள் இரண்டு பந்திகளாக முடித்தால், விளக்கும் வேண்டா, மண்டபமும் வேண்டா. வீட்டு முற்றத்தில் ஓலைப்பந்தலும் கடற்காற்றும் போதும். குழந்தையும் உறக்கம் கெடாமல் இருக்கும். ஓராண்டுக் குழந்தைக்குப் பெருங்கூட்டமும் பேரொலியும் அச்சந் தருவன. புதிய முகங்களைக் கண்டு தாயைப் பற்றிக்கொண்டு அழுவது அவ்வயதின் இயல்பு. பல்லாண்டு ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளநூலைக் கற்பித்த நாம் இதனைத் துணிந்து கூறுவோம்: ஒலிபெருக்கியும் ஒளிவிளக்கும் குழந்தைக்காக வைக்கப்படுவன அல்ல; அவை பெரியவர்க்காக வைக்கப்படுவன.

50 பேர்க்குரிய உணவுக்குச் சாதத்திற்குப் பச்சரிசியோ புழுங்கலரிசியோ 6 கிலோ. சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி ஒன்றரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, வெல்லம் 3 கிலோ, நெய் அரைக் கிலோ. துவரம்பருப்பு 2 கிலோ. காய்கறி 8 கிலோ. தயிர் 6 லிட்டர். வாழைப்பழமும் இலையும் அறுபது அறுபது. பரங்கிக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, இரசம், மோர் ஆகியவற்றோடு விருந்து நிறைவாகும். நாமே சமைப்பின் ஒருவர்க்கு 100 ரூபாயைத் தாண்டாது. கிழங்கு வகைகளும் வெங்காயமும் பூண்டும் இல்லாமையால் சுவை குறைந்ததென்று அங்கு யாரும் கூறமாட்டார். தாமிரபரணியின் கடைமடைப் பகுதியில் வாழைக்கும், ஆத்தூர் வெற்றிலைக்கும், உடன்குடிக் கருப்பட்டிக்கும் பஞ்சமில்லை. கருப்பட்டி விலை மிகுதியாயின் வெல்லமே போதும். தண்ணீரைத் துணியால் வடித்துப் பயன்படுத்துவதையும் அன்றைய அவசரத்தில் மறவாதிருக்க. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழித் தட்டும் குவளையும் விலக்கப்பட்டுள்ளன. வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் இருக்க நமக்கு அவை எதற்கு?

குழந்தைக்கென்று தனியே குழைந்த பருப்புச் சோறும் மசித்த வாழைப்பழமும் வைக்க. இரண்டு வயதுவரை சேர்த்த சர்க்கரையைத் தவிர்க்குமாறு குழந்தை மருத்துவர்கள் கூறுகின்றனர். முழு நிலக்கடலையும் வெடித்த ஊதற்பையின் துண்டும் சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கி உயிர்க்கே இடராகும். ஆகவே அவை இல்லாத விழா சிக்கனமானது மட்டுமன்று, பாதுகாப்பானதும் ஆகும். வீட்டுச் சிறுவர் கேக் வேண்டுமென்று கேட்பாராயின் சினந்து மறுக்கவேண்டா. முட்டையில்லாத கேக் ஒன்றை வீட்டிலேயே செய்து பகிர்ந்து கொடுக்கலாம். மெழுகுத்திரியை ஏற்றி ஊதி அணைப்பதை மட்டும் விடுத்து, ஜினபிம்பத்தின் முன் ஏற்றிய விளக்கைக் குழந்தைக்குக் காட்டுக.

இச்செலவிற்கு முன்னேற்பாடு ஒன்றும் உண்டு. குழந்தை பிறந்த நாள் முதல், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் பாட்டிமார் கண்ட வழி. ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால் ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ. ஓராண்டில் 18 கிலோ. ஆயின் அரிசியை ஆண்டு முழுதும் கலத்தில் வைத்திருந்தால் வண்டு பிடிக்கும். அவ்வுயிர்களுக்கு நாமே கேடு சூழ்ந்தவராவோம். ஆகவே மாதந்தோறும் அவ்வரிசியைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் விலையை உண்டியலில் இடுக. கிலோ 60 ரூபாய் என்றால் ஆண்டு முடிவில் 1,080 ரூபாய் சேரும். விருந்தின் அரிசிக்கும் பருப்புக்கும் அதுவே போதும். அன்று சுற்றத்தார் உண்பது ஓராண்டுக் காலம் அக்குழந்தையின் பெயரால் ஒதுக்கிய பிடிச்சோறு என்றால், அவ்விருந்திற்கு ஈடாக எம்மண்டப விருந்தைக் கூறுவது?

ஊர் என்ன சொல்லும்?

இவ்வளவும் கேட்டபின் பாட்டியார் ஒருவர் கண் கலங்கக்கூடும். “முதல் பேரனுக்கு இவ்வளவுதானா? என் அண்ணன் வீட்டில் ஐந்நூறு பேர்க்கு இலை போட்டார்களே!” என்பார். அதனை ஆடம்பர ஆசை என்று தள்ளிவிடல் ஆகாது. பேரன்மீது கொண்ட அன்பு வெளிப்பட வேறு வழி அறியாமல் அச்சொற்களாய் வருகின்றது. மருமகள் அருகமர்ந்து, “அத்தை, பூசை முடிந்ததும் குழந்தையை உங்கள் மடியில்தான் வைக்கப்போகிறோம். முதல் வாய்ச் சோறு நீங்கள்தான் ஊட்டவேண்டும். வருவோரெல்லாம் உங்கள் காலில் விழுந்து வணங்கியபின்தான் பந்தி” என்று கூறட்டும். அப்பெருமைக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஐந்நூறு இலையில் பாட்டியார் தேடியது இவ்வொரு மதிப்பையே.

மற்றொருவர், “இது உலோபம் அன்றோ?” என்று வினவலாம். உலோபமும் அளவும் ஒன்றல்ல. பிறர்க்குக் கொடுக்கவேண்டியதைத் தனக்கென்று பிடித்துக்கொள்வது உலோபம். பிறர்க்குக் கொடுப்பதற்காகத் தன் ஆசையைப் பிடித்து நிறுத்துவது அளவு. தாமிரபரணி பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர் பாய்கின்றது. வழியில் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வோர் அணையும் தன் கால்வாய்க்குரிய அளவை எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் கீழே விடுவதற்கென்றே அமைந்தது. மேலணை வரம்பின்றி எடுத்தால் கீழுள்ள வயலுக்கு நீர் ஏது? முதற் குழந்தையின் விழாவில் கையிருப்பையெல்லாம் கரைத்தவர்க்கு அக்குழந்தையின் கல்விக்கும் நோய்க்கும் என்ன எஞ்சும்?

மொய்யும் சீரும் பற்றியும் ஒரு சொல். அழைப்பிலேயே, “தங்கள் வாழ்த்தே குழந்தைக்கு அணிகலன், வேறொன்றும் கொணரவேண்டா” என்று எழுதுக. எழுதிவிட்டுப் பின்னர் யார் என்ன கொணர்ந்தார் என்று குறிப்பேட்டில் எழுதாதிருக்க. கொணர்ந்தவர்க்கும் கொணராதவர்க்கும் ஒரே பந்தி, ஒரே இன்சொல். தனித்து வாழும் கைம்பெண் அத்தையைப் பின்வரிசையில் அமர்த்தும் பழக்கமும் அன்றோடு ஒழிக. ஆசாரியர் அன்புடைய சுற்றம் என்றாரேயன்றிச் செல்வமுடைய சுற்றம் என்றாரில்லை. யாருக்கும் சுமையாகாத விழாவிற்கே யாவரும் வருவர். செலவு ஏற ஏற வாயில் குறுகுகின்றது. செலவு அளவோடு நிற்க வாயில் அகல்கின்றது.

அயலாரும் தானமும்

புன்னக்காயலில் குடியிருக்கும் அக்குடும்பத்தின் தெருவார் நம் சமயத்தார் அல்லர். உணவு முறையும் வேறு. அதனால் அவர்களை அழையாது விடலாமோ? விட்டால் அது பெரும் பிழை. பிள்ளைப்பேற்றின்போது ஓடி வந்தவர்களும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது வண்டி தேடியவர்களும் அவர்களாகவே இருப்பர். நம் நோன்பு நமக்கு வேலி. பிறரை அளக்கும் கோல் அன்று. நம் வீட்டில் நம் முறைப்படி சமைத்த உணவை அவர்கள் மகிழ்ந்து உண்பர். பல பக்கத்தினின்றும் பொருளை நோக்கும் அநேகாந்தத்தை ஏட்டில் மட்டும் கற்றுப் பயனில்லை. அயல்வீட்டாரோடு ஒரு பந்தியில் அமர்ந்தும் கற்றல் வேண்டும்.

குறைந்த பொருளால் பலரை உண்பித்தல் இயலுமா என ஐயுறுவோர்க்கு அவ்வாற்றங்கரையே அண்மையில் விடை தந்தது. 2023 டிசம்பர் 17 அன்று அப்பகுதியில் வரலாறு காணாத மழை. ஆற்று முகத்துவாரத்திற்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் திருவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணியர் சிக்கிக்கொண்டனர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தாமும் வெள்ளத்தால் சூழப்பட்ட நிலையில், தம்மிடம் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். வந்தவர் யார், எச்சமயம், என்ன கொணர்ந்தார் என்று அங்கு யாரும் கேட்கவில்லை. அதிதி சம்விபாகம், அதாவது விருந்தினரோடு பகுத்துண்ணல் என்று நம் நூல்கள் விதித்த நோன்பை அம்மக்கள் பெயர் கூறாமலே நிறைவேற்றினர்.

இனித் தானம். உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானங்களை நாம் அறிவோம். முடிந்து வைத்த 1,500 ரூபாயை ஒரே வழியில் செலவிடலாம், பகுத்தும் செய்யலாம். கல்வித் தானத்தை இங்கு நாம் சிறப்பாக வற்புறுத்துகின்றோம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சிராவகி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் ஏட்டுப்படிகள் எழுதுவித்து வழங்கினார். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் குறிக்கப்படுகின்றனர். புன்னக்காயலும் நூலுக்கு அயலான ஊர் அன்று. 1586-ஆம் ஆண்டில் அச்சான ‘அடியார் வரலாறு’ என்னும் கிறித்தவ நூலோடு சேர்த்துத் தமிழ் அச்சு வரலாற்றில் பேசப்படும் ஊர் அது. அத்தகைய ஊரின் பள்ளிக்கு, குழந்தையின் பெயரால் பத்துக் கதைநூல்களும் படப்புத்தகங்களும் அளித்தால், பரிசுப் பைகளினும் அவை நெடுங்காலம் நிற்கும். அவை உபபோகம், பல குழந்தைகளின் கைபட்டுத் தேயும்வரை தானமாகவே இருப்பன. ஆதிபுராண முறைப்படி ஐந்தாம் ஆண்டில் நம் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கிரியை வரும். அதற்கு நான்காண்டு முன்னரே அதன் பெயரால் பிறர் குழந்தைகள் எழுத்தறியட்டும். எஞ்சியதில் ஏழை நோயாளி ஒருவர்க்கு மருந்து வாங்கித் தரலாம். தெருவிலுள்ள ஆடுமாடுகளுக்குத் தீவனமும் நீரும் வைக்கலாம்.

சிராவக சிராவகியரே, ஓராண்டுக் குழந்தைக்குத் தன் விழா நினைவிலிராது. மேடையும் மாலையும் அதற்குத் தெரியா. ஆயின் அன்று அதனைச் சூழ்ந்து நின்ற கைகள் அதன் வாழ்நாள் முழுதும் துணை நிற்கவேண்டியவை. அக்கைகளுள் ஒன்றேனும் நம் ஆடம்பரத்தால் கூசி விலகிப் போகலாகாது. ஆகவே அடுத்த ஆண்டு நிறைவு உங்கள் இல்லத்தில் நிகழும்போது, அழைப்பு எழுதுவதற்கு முன் வரம்பை எழுதுங்கள். வரம்பிற்குள் முதல் வரியாகத் தானத்தை எழுதுங்கள். அழைப்பில் முதற் பெயராகக் குடும்பத்தில் யாவரினும் எளியவரின் பெயரை எழுதுங்கள். ஏனையவை தாமே ஒழுங்குபெறும்.

குழந்தைகள் நோயின்றி வளர்க! பெற்றோர் கடனின்றி வாழ்க! அருகன் அறம் நிலவுக!